கண் தெரிகிறவர்களையும் படம் பிடியுங்கள்: எங்கள் மாகாணத்தின் சுகாதாரப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாகாணத்தின் சுகாதாரத்தைப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கு,

அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் மாதம் ஒருமுறை போகிற நீரிழிவு கிளினிக்கின் சுவரில் போன மாதம் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. கணினி எழுத்து, கீழே கையொப்பம், ரப்பர் முத்திரை. "விழித்திரைப் படம் பிடித்தல் மறு அறிவித்தல் வரை நிறுத்தப்பட்டுள்ளது. பார்வையில் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் வைத்தியரிடம் கூறி, கண் கிளினிக்குக்கான துண்டைப் பெற்றுக்கொள்ளவும்."

முதல் வசனத்தைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். இயந்திரம் பழுதாகும், ஆள் மாறுவார், காசு வராது. இல்லாததை வைத்துச் சமாளிக்க எங்களுக்கு யாரும் பழக்கித்தரத் தேவையில்லை. என்னால் விழுங்க முடியாதது இரண்டாவது வசனம். அதிலும் அந்த "மட்டும்".

யாழ்ப்பாணத்தில் 27 வருடமாகச் சின்ன ஸ்டூடியோ ஒன்று வைத்திருக்கிறேன். கலியாணவீடு, சாமத்தியவீடு, அடையாள அட்டைப் படம், செத்தவீட்டுக்குப் பெரிதாக்கிக் கொடுக்கிற படம் என்று எல்லாம் எடுத்தாயிற்று. வைத்தியம் படித்தவன் இல்லை. இந்த மடலில் வருகிற வைத்திய விஷயங்கள் எல்லாம் அம்மாவின் கண்ணுக்காக அலைந்த மூன்று வருடத்தில் டொக்டர்மாரிடம் கேட்டும் தேடி வாசித்தும் அறிந்தவை. ஆனால் கமராவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அம்மாவுக்கு 66 வயது. சீனி வருத்தம் வந்து 14 வருடம். ஒரு கிளினிக்கும் தவறவிட்டதில்லை. மழையென்றாலும் விடியக் காலமை போய் நம்பர் எடுத்து, வாங்கில் இடம்பிடித்து இருப்பார். மூன்று கிளினிக் கொப்பி முடிந்து நாலாவது ஓடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் சீனி, பிறஷர், நிறை எழுதியிருக்கிறது. கண்ணைப் பற்றித் தேடினால் ஓரிடத்தில் மட்டும் ஒரு குறிப்பு: இரண்டு கண்ணும் 6/6, அதாவது குறையில்லாத பார்வை. விறாந்தையில் தொங்குகிற எழுத்து அட்டையைப் பார்த்து வாசிக்கச் சொன்ன அன்றைக்கு எழுதியது. அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒன்றுமில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். "தம்பி, கண்ணுக்குள்ள அடுப்புக்கரி விழுந்தமாதிரிக் கிடக்கு, ஒருக்கா ஊதிவிடு பாப்பம்" என்றார். நானும் இமையை விரித்துப் பிடித்து ஊதினேன். இரண்டு தரம் ஊதினேன். கரி போகவில்லை. பின்னேரம் அது சிலந்திவலை மாதிரி ஆனது. அடுத்த நாள் வலதுகண்ணுக்கு முன்னால் சிவப்புத் திரை.

கண் டொக்டர் சொட்டு மருந்து விட்டு, அரை மணித்தியாலம் இருத்திவைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திரையில் படத்தைக் காட்டினார். "இது நேற்று வந்ததில்லை. வருஷக்கணக்கா வளர்ந்திருக்கு. சீனிக் கிளினிக்கில ஒருநாளும் கண்ணைப் படமெடுக்கேல்லையா?" எனக்குப் பதில் இல்லை. கொப்பியை நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

வலதுகண்ணில் இப்போது வெளிச்சமும் நிழலும்தான். ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது இடதுகண்ணைப் பற்றி. அன்றைக்கு அம்மாவின் இடதுகண் அட்டையின் கடைசி வரிவரை வாசித்தது. அதே கண்ணைப் படமெடுத்தபோது உள்ளே புது இரத்தக் குழாய்கள் முளைத்துக் கிடந்தன. உடனே லேசர் பிடித்தார்கள், பல தவணையாக. இன்றைக்கு அம்மா சுவாமிப்படத்தைப் பார்ப்பதும், பேரப்பிள்ளையின் முகம் பார்ப்பதும் அந்தக் கண்ணால்தான். உங்கள் அறிவித்தலின்படி பார்த்தால் அந்த இடதுகண்ணுக்குத் துண்டு கிடைத்திருக்காது. அதில் ஒரு குறைபாடும் இல்லையே!

நீரிழிவுக் கண்நோய் என்கிற இந்த வருத்தத்தின் போக்கு அப்படி. வருடக்கணக்கில் சீனி கூடிக் கிடந்தால், கண்ணின் பின்சுவரில் காட்சி விழுகிற படலமான விழித்திரையில் இருக்கிற மயிரிழை இரத்தக் குழாய்களின் சுவர் நைந்துபோகிறது. பழைய சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடிக்கும்போது நைந்த இடம் பொம்மிக்கொண்டு வருமே, அதுபோல முதலில் சின்னப் பொம்மல்கள் வரும். படத்தில் அவை சிவப்புக் குண்டூசித் தலைகளாகத் தெரியும். அப்புறம் கசிவு. கசிந்த கொழுப்பு மஞ்சள் துகள்களாகப் படியும். சில குழாய்கள் அடைபட்டுப் போகும். அடைபட்ட இடம் ஒட்சிசன் இல்லாமல் தவிக்க, கண் தானாகவே புதுக்குழாய்களை வளர்க்கத் தொடங்கும். கேட்கும்போது நல்ல காரியம் மாதிரி இருக்கும். ஆனால் அவை அத்திவாரம் போடாமல் கட்டின மதில் மாதிரி, இலேசில் உடையும். அப்படி ஒன்று உடைந்துதான் அம்மாவின் கண்ணுக்குள் "கரி" விழுந்தது.

இவ்வளவும் நடக்கும்போது நோவில்லை, கண் சிவக்காது. நடுப்பார்வைக்குரிய மஞ்சட்பொட்டில் கசிவு விழும்வரை எழுத்தும் தெளிவாகத்தான் தெரியும். எழுத்து அட்டை, ஆளுக்கு எவ்வளவு பார்வை இருக்கிறது என்று சொல்லும். குழாய்களைப் பற்றி மூச்சும் விடாது. ஆக, "குறைபாடு உள்ளவர்கள் மட்டும்" என்பது, வீடு எரிந்த பிறகு தண்ணிக்கு வரிசையில் நிற்கச் சொல்வது. குறைபாடு இல்லாதவர்களுக்காகத்தான் இந்தப் படமே இருக்கிறது.

படம் எடுக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். விழித்திரைப் படத்தை நிறம் நிறமாகப் பிரித்தால், சிவப்பில் எல்லாம் வெளிறிப்போகும், நீலம் இருண்டு கிடக்கும், பச்சையில்தான் குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் துலங்கும். இரத்தம் பச்சை ஒளியை விழுங்கிவிடுகிறது, அதுதான் காரணம். அம்மாவின் படத்தை வாங்கிவந்து ஸ்டூடியோக் கணினியில் போட்டு, பச்சையை மட்டும் விட்டுப் பார்த்தேன். மரக்கிளை மாதிரிப் பிரிந்து பிரிந்து அழகாகப் போகவேண்டிய கோடுகள், பார்வை நரம்பு கண்ணோடு சேருகிற வட்டின் ஓரத்தில் மட்டும் நூல்கண்டு சிக்குப்பட்ட மாதிரிக் கிடந்தன. வைத்தியம் தெரியாத எனக்கே அது பிழை என்று தெரிந்தது. அன்றிரவு நித்திரை வரவில்லை. இந்தப் படத்தை நாலு வருடத்துக்கு முன் யாராவது எடுத்திருந்தால் என்ற யோசனைதான்.

இது நேற்று வந்த வித்தையும் இல்லை. கண்ணுக்குள் எட்டிப்பார்க்கிற கருவியை ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்டது 1851 இல். கைநரம்பில் புளோரசின் சாயத்தை ஏற்றி, நீல ஒளி பாய்ச்சி, குழாய்களில் இரத்தம் ஓடுவதையே படமாக எடுக்கலாம் என்று அமெரிக்காவில் நொவொட்னி, அல்விஸ் என்ற இருவர் காட்டியது 1961 இல். இப்போது சாயமே இல்லாமல், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வருடி, எது அசைந்தது என்று கணக்குப் பார்த்தே குழாய்களை வரைந்து தருகிற இயந்திரமும் வந்துவிட்டது. அசைகிறது இரத்தம், அசையாதது சுற்றியிருக்கிற இழையம். தொழில்காரனாக அந்த யோசனையை நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். ஆனால் அந்த இயந்திரங்களை நான் கிளினிக்குக்குக் கேட்கவில்லை. கேட்பது சாதாரணப் படம். ஒரு கண்ணுக்கு இரண்டு: மஞ்சட்பொட்டு நடுவில் வர ஒன்று, நரம்பு வட்டு நடுவில் வர ஒன்று. ஆளுக்கு நாலு படம். கை பழகிய ஒருவருக்குச் சில நிமிட வேலை.

அதற்கான கமராவும் வந்தது. அம்மாவின் கண் போனபின் ஒரு வருடத்தில், வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு தாதிக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். நல்ல பிள்ளை, பொறுமையாக எடுப்பார். எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓடுகிற ஒருவருக்கு 38 வயது. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சிரித்துக்கொண்டு போய் இருந்தவர். படத்தில் பிடிபட்டது. லேசர் பிடித்தார். இன்றைக்கும் ஓட்டோ ஓடுகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. பிறகு அந்தத் தாதிக்கு இடமாற்றம். அடுத்தவருக்குப் பயிற்சி இல்லை. கமராவைத் துணியால் மூடிக் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டியாயிற்று. அப்புறம் அறிவித்தல்.

பூட்டிய அறை என்றதும் எனக்கு வேறு பதற்றமும் வருகிறது. எங்கள் உப்புக்காற்றிலும் மாரி ஈரத்திலும் காற்றோட்டமில்லாத அறையில் லென்ஸ் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். என் கையாலேயே இரண்டு நல்ல லென்ஸை அப்படிப் பறிகொடுத்தேன். ஒரு மாரி தாண்டினால் நீங்கள் தேடுகிற ஆள் கிடைத்தாலும் கமரா கிடைக்காது.

இதைப் பற்றிப் பதிவுத் தபாலில் இரண்டு கடிதம் போட்டேன். முதலாவதுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, "தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி. அதனால்தான் இந்தமுறை எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன்.

என் அக்கா குடும்பம் லண்டனில். அத்தானுக்கும் சீனி. அவருக்கு வீட்டுக்குக் கடிதம் வரும்: இந்தத் திகதி, இந்த இடம், கண் படத்துக்கு வாருங்கள். கண் தெரிகிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. 12 வயதும் அதற்கு மேலும் ஆன நீரிழிவுக்காரர் எல்லாருக்கும் அங்கே அப்படித்தான். இரண்டுமுறை தொடர்ந்து ஒன்றுமில்லை என்று வந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருதரம், இல்லாவிட்டால் வருடாவருடம். 2003 இல் தொடங்கிப் படிப்படியாக நாடு முழுக்க விரித்த திட்டம் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலைசெய்யும் வயதுக்காரரின் பார்வையிழப்புக்கு ஐம்பது வருடமாக முதற்காரணமாக இருந்த நீரிழிவுக் கண்நோய், 2009–10 கணக்கில் அந்த முதலிடத்தை இழந்தது. 2014 இல் வந்த ஆய்வு அதைச் சொல்லி, கண் படத் திட்டத்தையும் சீனிக் கட்டுப்பாட்டையும் அதற்கான காரணங்களாகக் காட்டியது.

பணக்கார நாடு என்பீர்கள். சரி. எங்கள் நாட்டில் 2005–06 இல் எடுத்த கணக்கிலேயே வளர்ந்தவர்களில் 10 வீதத்துக்குக் கொஞ்சம் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருந்தது. அதற்கு முந்தின படியில் இருப்பவர்களையும் சேர்த்தால் ஐந்து பேருக்கு ஒருவர். இவ்வளவு பேரையும் கண் டொக்டர்மார் ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்ப்பது நடக்காத காரியம், அது எனக்கும் விளங்குகிறது. அதனால்தான் படம். படம் எடுக்கிறவர் ஓரிடத்தில் இருக்கலாம், பார்க்கிறவர் இன்னோரிடத்தில் இருக்கலாம். பழுதில்லாதவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பழுதானவரை மட்டும் டொக்டரிடம் அனுப்பினால் கண் கிளினிக்கின் கூட்டமும் ஒழுங்குபடும்.

பார்க்கிறவருக்குக்கூட இப்போது துணை இருக்கிறது. 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொடுத்துப் பழக்கிய கணினி, கண் டொக்டர்மாரைப்போல இந்த நோயைக் கண்டுபிடிக்கிறது என்று கூகிள் ஆய்வாளர் 2016 இல் வெளியிட்டார்கள். அந்தப் படங்களில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய கண் ஆஸ்பத்திரிகளின் படங்களும் உண்டு. அதாவது எங்களைப்போன்ற கண்கள்தான். 2018 ஏப்ரலில் அமெரிக்க அரசு, கண் டொக்டர் பார்க்காமல் தானாகவே முடிவு சொல்கிற ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது.

ஆனால் இதிலே மயங்கிவிடவும் வேண்டாம். தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் கூகிளின் அந்த முறையைப் பாவித்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்கு படங்களைக் கணினி "தெளிவில்லை" என்று தள்ளிவிட்டது. காரணங்களில் ஒன்று, அறை இருட்டில்லை. வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டூடியோவில் வேலை பழக வருகிற பொடியனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம்! வெளிச்சமான இடத்தில் கண்மணி சுருங்கும், சுருங்கின கண்மணியால் ஒளி உள்ளே போகாது. இந்தக் கமராக்கள் அகச்சிவப்பு ஒளியில் குறிபார்ப்பதே கண்மணி சுருங்காமல் இருக்கத்தான். பிளாஷ் ஒருதரம் அடித்ததும் அடுத்த கண்ணும் சேர்ந்து சுருங்கும், சில நிமிடம் பொறுக்கவேண்டும். வயதானவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் சொட்டு மருந்து தேவைப்படும். ஒரு கறுப்புத் திரைச்சீலை, ஒரு சுழல்கதிரை, பொறுமையுள்ள ஓர் ஆள். இவை இல்லாவிட்டால் எந்தச் செயற்கை நுண்ணறிவும் உதவாது.

தீவுப்பகுதி மக்களையும் நினைத்துப் பாருங்கள். நெடுந்தீவில் இருக்கிற ஒரு கிழவி, கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் பட்டணம் வந்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, மங்கின பார்வையோடு திரும்பப் பஸ் பிடித்துப் படகில் காலெடுத்து வைக்கவேண்டும். கண் நன்றாகத் தெரிகிற நேரத்தில் யார் அந்தப் பாடு படுவார்? ஆள் வராவிட்டால் கமரா போகலாம். பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கமராக்கள் இருக்கின்றன. நான் இதைவிடப் பெரிய சாமான்களோடு நயினாதீவுத் திருவிழாவுக்குப் படகேறியிருக்கிறேன்.

இன்னொன்று. அம்மாவுக்குத் தந்த முடிவுத்தாள் முழுக்க இங்கிலிஷ். அது என்ன சொல்கிறது என்று கேட்க நான் மூன்று இடம் போனேன். இதே யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில் இருந்து, அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களில் மேலை வைத்தியத்தையே தமிழில் படிப்பித்தார், புத்தகங்களும் தமிழில் கொண்டுவந்தார். "உங்கள் விழித்திரையில் மாற்றம் இருக்கிறது, இரண்டு கிழமைக்குள் வாருங்கள்" என்று ஒரு வரி எழுத நாங்கள் இன்னும் யோசிக்கிறோம்.

1961 இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வழியாக உலகம் முழுக்கக் கண் அனுப்புகிற நாடு இது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அப்படிப் போவது கண்ணின் முன்பக்கக் கருவிழிப் படலம். அதை மாற்றிப் பொருத்தலாம். விழித்திரையை அப்படி மாற்ற முடியாது. அம்மா ஒருநாள் கேட்டார், "ஆற்றையேன் கண்ணை எனக்கு வைக்கேலாதோ?" என்று. இந்த விளக்கத்தை அவருக்குச் சொல்லும்போது என் குரல் சரியாக வரவில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. அந்த அறிவித்தலை இந்த மாதத்துக்குள் கழற்றுங்கள். கழற்றமுடியாத காரணம் இருந்தால், "மட்டும்" என்ற சொல்லையாவது எடுத்துவிட்டு, சீனி வருத்தம் உள்ள எல்லாருக்கும் வருடம் ஒருதரம் கண் சோதனை உண்டு என்று எழுதுங்கள். நோய் புதிதாகப் பிடிபட்டவருக்கு அன்றைக்கே துண்டு கொடுங்கள். சீனியோடு கர்ப்பமாகிற பெண்களைத் தவணை பார்க்காமல் அனுப்புங்கள், அந்த மாதங்களில் இது வேகமாக முற்றும் என்கிறார்கள்.

பூட்டிக் கிடக்கிற கமராவை வெளியே எடுத்து, லென்ஸைப் பார்த்து, குளிரூட்டி உள்ள அறையில் வையுங்கள். ஒருவருக்கு அல்ல, ஒரு கிளினிக்குக்கு இரண்டு மூன்று பேருக்குப் பயிற்சி கொடுங்கள். இடமாற்றம் வரும்போது பயிற்சியும் பஸ் ஏறிப் போய்விடக்கூடாது. எடுத்த படங்களைப் பார்த்துச் சொல்ல ஒரு கண் டொக்டருக்குக் கிழமையில் ஒரு நேரத்தை எழுத்தில் ஒதுக்குங்கள். பிடிபட்டவருக்கு எத்தனை நாளுக்குள் லேசர் அல்லது ஊசி என்று ஒரு கணக்கு வையுங்கள். கண்டுபிடித்துவிட்டு ஆறு மாதம் காக்கவைத்தால் படம் எடுத்ததில் பயனில்லை. தீவுகளுக்கு வருடம் ஒருதரமாவது கமராவை அனுப்புங்கள். முடிவைத் தமிழில் கொடுங்கள். கிளினிக் கொப்பியில் கண்ணுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, படமெடுத்த திகதியை அதில் எழுதுங்கள். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் நாங்களே கேட்போம்.

ஆள் இல்லை என்று மறுபடி சொல்வீர்கள் என்று தெரியும். குறிபார்ப்பது, வெளிச்சம் சரிசெய்வது, லென்ஸ் துடைப்பது இவற்றை உங்கள் ஊழியர்களுக்குப் பழக்க நான் கிழமையில் இரண்டு நாள் காசில்லாமல் வருவேன். நோயாளியைத் தொடமாட்டேன், தீர்ப்பும் சொல்லமாட்டேன். அது டொக்டர்மாரின் வேலை.

அம்மாவின் அடுத்த கிளினிக் வருகிற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்னர், களஞ்சிய அறையின் திறப்பு யாரிடம் இருக்கிறது, எந்தத் திகதியில் அது திறக்கப்படும் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள். "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று வேண்டாம்.

இப்படிக்கு,
கிளினிக் வாங்கில் இருக்கிறவர்களில் ஒருவரின் மகன்
யாழ்ப்பாணம்